பத்தாம் நம்பர் லைனுக்குத் தொண்ணூற்றெட்டு சதவீத மகிழ்ச்சி

லிங்கசாமியின் தோளில் பத்தொன்பது வருடமாக ஒரு சாவி தொங்குகிறது. பூட்டுச் சாவி என்று நினைத்துவிடாதீர்கள். ஆளின் இடுப்பு உயரம் இருக்கும், தலையில் குறுக்குக் கம்பி வைத்த இரும்புச் சாவி. ரோட்டோரக் குழிக்குள் விட்டுத் திருகினால் வால்வு திறக்கும், ஊருக்குத் தண்ணீர் போகும். குன்னூரிலிருந்து கட்டபெட்டு போகிற வழியில், பஸ் கண்டக்டர்களே சில நாள் விசில் அடிக்க மறந்துவிடுகிற பனிக்கொம்பை பேரூராட்சியில், தண்ணீர் திறந்துவிடுகிற ஆள் அவன்தான். இத்தனை வருடமாகியும் தற்காலிகப் பணியாளர். பெர்மனெண்ட் ஆகிறேன் ஆகிறேன் என்று அவன் ஃபைல் மேஜை மேஜையாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்று செயல் அலுவலர்கள் அந்த ஃபைலைப் பார்த்துக்கொண்டே ரிட்டையர் ஆகிவிட்டார்கள்.

ஊரில் வால்வு மூன்று. பஜாருக்கு ஒன்று, டீச்சர்ஸ் காலனிக்கு ஒன்று, பத்தாம் நம்பர் லைனுக்கு ஒன்று. ஆளுக்கு வாரத்தில் இரண்டு நாள். ஞாயிற்றுக்கிழமை தொட்டிக்கு ஓய்வு. யாரும் எழுதி வைத்த முறை இல்லை, யாரும் சண்டை போட்டதும் இல்லை.

பத்தாம் நம்பர் லைன் என்பது மூடிப்போன எஸ்டேட் ஒன்றின் தொழிலாளர் வீடுகள். வரிசையாக இருபத்திரண்டு வீடு. எஸ்டேட்டார் கைகழுவிப் பேரூராட்சியிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இருப்பது மேட்டில் என்பதால் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும். வால்வை ஒரேயடியாகத் திருகினால் மேலே ஜாயிண்ட் பிய்த்துக்கொண்டுவிடும். அதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது. லிங்கசாமி கீழே கால்வாசி மட்டும் திருகிவிட்டு, சாவியைப் பிடித்தபடி குந்தியிருப்பான். மேலே முதல் வீட்டு மருதாம்பாள், தண்ணீர் வந்ததும் சொம்பால் இரும்புக் குழாயில் மூன்று தட்டுத் தட்டுவாள். டங், டங், டங். சத்தம் குழாய்க்குள்ளேயே இறங்கி வந்து லிங்கசாமியின் உள்ளங்கையில் துடிக்கும். அப்புறம் முழுசாகத் திறப்பான். லைனில் இன்றைக்கும் போன் சிக்னல் கிடையாது. அதனால் அந்த ஏற்பாட்டை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

இந்த ஏப்ரலில் தோன்றியது.

ஊட்டிக்குச் சமவெளிச் சனம் காரில் வந்து குவிகிற சீசன். ஓடைகள் மெலிந்துவிட்டன, தொட்டி அரை மட்டத்துக்கு மேல் ஏறவில்லை. மூன்று வால்வுக்கும் போதாது. இருக்கிற தண்ணீரை எப்படிப் பங்கு போடுவது என்று யோசித்த புதிய செயல் அலுவலர் ராஜசேகர், சமுதாயக் கூடத்தில் ஒரு திரை கட்டி, "பேசும் பேரூராட்சி" என்று ஒரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட்டும் உண்டு.

"இதுவரைக்கும் தாகம் எடுத்தவங்களுக்குத் தண்ணி கொடுத்தோம்," என்றார் மைக்கில். "அது பழைய முறை. தாகம் எடுத்துச்சா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? இனிமே தாகம்னு சொல்றவங்களுக்குக் கொடுப்போம். அதுக்குக் கணக்கு இருக்கு, கிராஃப் இருக்கு. மக்கள் பேசணும். நாங்க கேக்கணும்கிற அவசியம் இல்ல, அதுக்கு சாஃப்ட்வேர் வாங்கியாச்சு."

அந்த சாஃப்ட்வேரோடு சென்னையிலிருந்து வந்திருந்தான் ஆதித்யா. திட்டத்தின் ஆலோசகர். குளிருக்கு வாங்கிய கம்பளிக் குல்லாவைக் கூடத்துக்குள்ளும் கழற்றவில்லை. அவன் திரையில் ஒவ்வொரு கருவியாகக் காட்டினான். எந்த நேரத்தில் ட்வீட் போட்டால் அதிகம் பேர் பார்ப்பார்கள் என்று சொல்ல ஒரு கருவி. எந்த ஹேஷ்டேக்கோடு எந்த ஹேஷ்டேக்கைச் சேர்த்தால் தூக்கும் என்று சொல்ல ஒரு கருவி. நாம் தூங்கினாலும் நமக்காகப் பதிவு போட ஒரு கருவி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மீட்டர். மக்கள் தங்கள் வார்டு பெயரில் எழுதுவதையெல்லாம் அது படித்து, அவர்கள் கோபமாக இருக்கிறார்களா, மகிழ்ச்சியாக இருக்கிறார்களா என்று சதவீதம் சொல்லும். கோபம் என்றால் சிவப்பு, மகிழ்ச்சி என்றால் பச்சை. சிவப்பு வார்டுக்கு முதலில் தண்ணீர்.

லிங்கசாமி கடைசி நாற்காலியிலிருந்து கையைத் தூக்கினான். "ஏனுங்க சார், போன் இல்லாதவிங்க என்னங்க பண்றது?"

"அவங்க சைலண்ட் வோட்டர் மாதிரி, அண்ணா," என்றான் ஆதித்யா அன்பாக. "சைலண்டா இருந்தா சாட்டிஸ்ஃபைடுன்னு எடுத்துக்கலாம்."

கூட்டம் முடிந்ததும் ராஜசேகர் லிங்கசாமியைத் தனியாக அழைத்தார். இனி தினமும் காலையில் அவன் போனில் மீட்டர் ஒரு வார்டு பெயரைக் காட்டும், அதை மட்டும் திறக்க வேண்டும், திறந்தது மூடியதையெல்லாம் அந்த ஆப்பிலேயே அமுக்கிவிட வேண்டும் என்றார்.

"உன் பெர்மனெண்ட் ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு, லிங்கசாமி. மீட்டர் சொல்லாத வால்வ நீ தொட்டேன்னு தெரிஞ்சுது, ஃபைல் அப்படியே இருக்கும். நான்தான் இருக்கமாட்டேன், எனக்கு டிரான்ஸ்ஃபர் வந்துரும்."

"சரிங்க சார்," என்றான் லிங்கசாமி. அவனுக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்?

முதல் மூன்று நாளிலேயே டீச்சர்ஸ் காலனி தொழிலைக் கற்றுக்கொண்டுவிட்டது. ஆயுள் முழுக்கப் பிள்ளைகளைத் திட்டிப் பழகிய வாய்கள் அல்லவா? தவிக்கும் காலனி என்று ஒரு ஹேஷ்டேக், வறண்ட தொண்டை என்று ஒரு ஹேஷ்டேக். ரிட்டையரான கணக்கு வாத்தியார் ஒருத்தர், கருவி சொன்ன நேரத்தில், காலை பதினொன்று இருபதுக்கு, வீட்டு வாசலில் காலிக் குடத்தோடு படுத்துக்கொண்டு போட்டோ போட்டார். காலனி சிவப்பாகிவிட்டது. தண்ணீர் போயிற்று. தண்ணீர் வந்ததும் அவர் எழுந்து கார் கழுவினார். கழுவிவிட்டு, பிரஷர் போதவில்லை என்று மறுபடி திட்டினார். இன்னும் சிவப்பு, இன்னும் தண்ணீர். பஜார்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஹோட்டல்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, நமக்காகப் பதிவு போடுகிற அந்தக் கருவியில் ஒரு மாதத்துக்கான திட்டை முன்கூட்டியே ஏற்றிவிட்டு நிம்மதியாகப் பரோட்டா போடப் போய்விட்டார்கள்.

பத்தாம் நம்பர் லைன் பெயரை மீட்டர் காட்டவே இல்லை.

ஐந்தாம் நாள் லிங்கசாமி மேட்டில் ஏறிப்போனான். தண்ணீர் விடாத சாவியோடு போக வெட்கமாக இருந்தது. மருதாம்பாள் வாசலில் குடங்களைக் கவிழ்த்து வைத்திருந்தாள். அறுபது தாண்டிய கட்டை. பத்து வயதில் அப்பன் ஆத்தாளோடு இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பல் ஏறி வந்து, இங்கே முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவள். லைனை இன்னமும் லயம் என்றுதான் சொல்லுவாள், குழாயைப் பீலி என்றுதான்.

"என்னா தம்பி, பீலிய மறந்துட்டியா? ஓடையில போயி மொண்டுக்கிட்டு வாறோம். பாதையில காட்டெரும நிக்கிது. அதுகிட்ட வழி கேட்டுத்தான் போக வேண்டியிருக்கு. அதாச்சும் கேட்டா நகந்துக்கிது."

அவன் திட்டத்தை விளக்கினான். ஹேஷ்டேக் என்றால் என்ன என்று அவனுக்கே முழுதாகத் தெரியாது. ஆனாலும் தெரிந்த மாதிரி சொன்னான்.

"அப்ப மனு போடணும்," என்றார் கடைசி வீட்டு சில்வஸ்டர். "இதுக்கு ஏன் இவ்வளவு சுத்தி வளைக்கிறீங்க?"

சில்வஸ்டர் எஸ்டேட்டில் கிளார்க்காக இருந்தவர். லைனுக்கு வேண்டிய மனு எல்லாம் அவர் கையெழுத்தில்தான் போகும். முத்து முத்தாக எழுதுவார். மனுவில் ஒரு கமா தப்பினால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து எழுதுகிற ஆள். தெருவிளக்கு வாங்கித் தந்ததும், ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வாங்கித் தந்ததும் அந்த மனுக்கள்தான் என்று லைனே நம்பியது. அன்றைக்கே உட்கார்ந்து எழுதினார். சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் படிக்கட்டுக்குக் கீழே ரோட்டு வளைவில், மாதா சிலை வைத்த கெபிக்குப் பக்கத்துப் பாறை. அதில் ஏறி நின்று, அவருடைய மகள் வாங்கிக் கொடுத்த போனில், ஒரு விரலால் குத்தி அனுப்பினார்.

"அனுப்புநர், பத்தாம் நம்பர் லைன் பொதுமக்கள், பனிக்கொம்பை அஞ்சல், நீலகிரி மாவட்டம். பெறுநர், உயர்திரு செயல் அலுவலர் அவர்கள், பேரூராட்சி அலுவலகம், பனிக்கொம்பை. மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தாங்கள் எங்கள் பகுதி மக்கள்மீது காட்டிவரும் அன்புக்கும் ஆதரவுக்கும் பணிவான நன்றியைத் தெரிவித்துக்கொள்கி"

அதற்கு மேல் போன் ஏற்றுக்கொள்ளவில்லை. இருநூற்று எண்பது எழுத்துத்தானாம். கொம்பும் காலும் புள்ளியும்கூடத் தனி எழுத்தாம்.

"முகப்பே முடியலையே," என்றார் சில்வஸ்டர். "தண்ணி மூணாவது பத்தியிலல்லோ வருது?"

"நேரா தண்ணி இல்லன்னு எழுதிப் போடுங்க மாமா," என்றான் லிங்கசாமி.

"பெறுநர் போடாம யாருக்குடா எழுதறது? ஐயான்னு சொல்லாம ஒரு ஆபீசர்கிட்ட எப்படிப் பேச்ச ஆரம்பிக்கறது? நாப்பது வருசமா எழுதறேன். நன்றி சொல்லாம நான் ஒரு மனு போட்டதில்ல."

மூன்றாவது பத்தி வருகிறவரை தொடர்ந்து அனுப்புவது என்று முடிவு செய்தார். ஆனால் அவருடைய ஒழுங்கில், ஒவ்வொரு தாளும் தனித் தாள். ஒவ்வொரு தாளுக்கும் அனுப்புநர், பெறுநர் வேண்டும். பதினான்கு ட்வீட் போட்டார். பதினான்கும் அன்பிலும் ஆதரவிலும் போய் முடிந்துவிட்டன. லைனில் இருந்த மிச்ச நான்கு போன்காரர்களையும் பாறையில் ஏற்றி, அவர்கள் பங்குக்கும் ஒரு பதினான்கு அனுப்ப வைத்தார். கூட்டு மனு என்றால் அதற்குத் தனி மரியாதை அல்லவா?

மறுநாள் லிங்கசாமியின் போனில் லைனின் பெயர் வந்தது. ஓடிப்போய்ச் சாவியை எடுத்தவன், அப்புறம்தான் நிறத்தைப் பார்த்தான். கரும்பச்சை. மகிழ்ச்சி தொண்ணூற்றெட்டு சதவீதம்.

எட்டாம் நாள் ஆபீசுக்குப் போனான். ஆதித்யா அவனை நாற்காலியில் உட்காரவைத்துப் பொறுமையாக எடுத்துச் சொன்னான்.

"பாருங்கண்ணா. உயர்திரு, மதிப்பு, அன்பு, ஆதரவு, பணிவு, நன்றி. அறுவது எழுபது ட்வீட்ல ஒரு நெகட்டிவ் வேர்டு கூட இல்ல. நான் பெங்களூர்ல வேலை பாத்திருக்கேன், இப்படி ஒரு கம்யூனிட்டிய பாத்ததே இல்ல. வேற லெவல் ஹாப்பினெஸ்."

"அவிங்க தண்ணி கேக்கறாங்க சார்."

"எங்க கேட்டிருக்காங்க? காட்டுங்க."

லிங்கசாமியால் காட்ட முடியவில்லை. "பூராவும் கீழ இருக்குதுங்க சார். மூணாவது பத்தியில."

"மூணாவது பத்தி யாருண்ணா படிக்கறாங்க?" என்றான் ஆதித்யா. நியாயமாகத்தான் கேட்டான். மூன்றாவது பத்தியைப் படிக்கிற ஆபீசரை லிங்கசாமியும் பார்த்ததில்லை. "கொஞ்சம் திட்டச் சொல்லுங்க. அன்னிக்கு எது டிரெண்டிங்கோ அந்த டேகையும் சேத்துப் போடச் சொல்லுங்க. நல்லா ரீச் ஆகும்."

அன்றைக்கு டிரெண்டிங்கில் இருந்தது ஏதோ ஒரு நடிகரின் பிறந்தநாள். சில்வஸ்டர் திட்ட மாட்டேன் என்றுவிட்டார், டேகை மட்டும் சேர்த்தார். உயர்திரு செயல் அலுவலர் அவர்களுக்கு நாடு முழுவதிலுமிருந்து இருநூறு பேர் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார்கள். ராஜசேகர் அவ்வளவு பேருக்கும் நன்றி சொல்லிக் கை வலித்துப்போய், அன்றைக்கு ஒரு ஃபைலிலும் கையெழுத்துப் போடவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில், ஓடையிலிருந்து குடத்தோடு ஏறும்போது, மருதாம்பாள் கவாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சியில் கால் தடுக்கி விழுந்தாள். குடம் உருண்டு போயிற்று. வலது கை மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டோடு அவள் திரும்பி வந்த ஜீப்பை ரோட்டில் பார்த்தான் லிங்கசாமி. ஜீப் நின்றது.

"அழுவாத தம்பி," என்றாள் அவள். "ஒடஞ்சது எனக்கு. கையில சாவிய வச்சிக்கிட்டு நீ என்னாத்துக்கு அழுவுற?"

அந்தக் கேள்வி அவனோடு வீட்டுக்கு வந்தது, சோறு தின்னும்போது எதிரே உட்கார்ந்திருந்தது. அவன் மனைவி சுகந்தியிடம் சொன்னான். "பத்தொம்பது வருசம் பொறுத்தாச்சு. இன்னும் ஒரு மாசம் பொறுத்துக்குங்க," என்றாள் அவள். அவளும் நல்லவள்தான். ஃபைல் அவளுக்கும் சேர்த்துத்தான் அந்த மேஜையில் இருந்தது.

மறுநாள் மருதாம்பாள், கட்டுப்போட்ட கையோடு, தானே பாறைக்கு வந்தாள். "தொரைமாருக்குப் பயந்து எழுதுற ஆளு நீங்க. தள்ளுங்க," என்று சில்வஸ்டரை விலக்கிவிட்டு, போனில் லிங்கசாமியை எழுதச் சொன்னாள். பீலிக்கரையில் முப்பத்தைந்து வருடம் சண்டை போட்ட வாய் அது. எழுதுகிறவனுக்கே காது சுட்டது.

"ஒங்க ஊட்டு ஒலையில தவள நீந்தட்டும். ஒங்க சோத்துப் பானைக்குள்ள எறும்பு குடும்பம் நடத்தட்டும். ஒங்க தோட்டத்துல நட்ட கெழங்கெல்லாம் கல்லா மொளைக்கட்டும். ஒங்க மகன் கல்யாணத்துக்குக் கரடி வந்து பந்தியில குந்தட்டும். நல்லா இருங்கய்யா, நல்லா இருங்க!"

பேசி முடித்துவிட்டு, "இது பத்துமா?" என்றாள்.

பத்தும் என்றுதான் அவனும் நினைத்தான். மாலையில் மீட்டர் அறிக்கை வந்தது. பேசப்பட்ட பொருள்: சமையல், வேளாண்மை, வனவிலங்குப் பாதுகாப்பு. உணர்வு: திருமண வாழ்த்து. மகிழ்ச்சி, தொண்ணூற்றொன்பது.

இதற்குப் பிறகு நடந்ததை லிங்கசாமி பின்னால் யாரிடம் சொன்னாலும் நம்பவில்லை. அதனால் சொல்வதை விட்டுவிட்டான்.

மாவட்டத்திலேயே மிக மகிழ்ச்சியான குடியிருப்பு என்று பத்தாம் நம்பர் லைனுக்கு ஒரு கேடயம் கொடுக்க முடிவாயிற்று. பதினான்காம் நாள் மேலிடத்திலிருந்து ஓர் இணை இயக்குநர் வந்தார். லைனுக்கு ஏறுகிற படிக்கட்டின் கீழே பந்தல் போட்டார்கள். ராஜசேகர், போட்டோவில் உயரமாகத் தெரிய, கீழ்ப்படிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிமெண்ட் மூடிமேல் ஏறி நின்றுகொண்டார்.

"சார், அதுங்க..." என்றான் லிங்கசாமி.

"சாவிய ஓரமா வைப்பா. போட்டோல விழுது."

அவன் ஓரமாக வைத்தான். ராஜசேகர் நின்றது லைனின் வால்வுக் குழி மூடி. அதை அவர் எத்தனையோ ஆணையில் குறிப்பிட்டிருக்கிறார். நேரில் சந்திப்பது அன்றுதான். சந்தித்தது அவருக்குத் தெரியாது.

"இந்த மக்கள் நமக்கு ஒரு பாடம்," என்று பேசினார் இணை இயக்குநர். "தண்ணீர் இருக்கும்போது மகிழ்ச்சியாக இருப்பது யாருக்கும் முடியும். பதினான்கு நாள் தண்ணீர் இல்லாமல் தொண்ணூற்றொன்பது சதவீதம் என்றால், தண்ணீருக்கும் மகிழ்ச்சிக்கும் சம்பந்தமே இல்லை என்று நிரூபணமாகிறது. இதை நாங்கள் மற்ற ஊர்களுக்கும் விரிவுபடுத்தலாம் என்று இருக்கிறோம். செலவும் குறைவு."

கை தட்டினார்கள். லைன்காரர்களும் தட்டினார்கள். விருந்தாளி பேசினால் தட்டாமல் எப்படி?

விழா முடிந்ததும் இணை இயக்குநர் ஒரு வீட்டுக்குள் வந்து உட்கார ஆசைப்பட்டார். முதல் வீடு மருதாம்பாளுடையது. வந்தவர்களுக்கு டீ கொடுக்காமல் அனுப்புகிற வழக்கம் அந்த லைனில், எஸ்டேட் மூடிய வருடத்தில்கூட, இருந்ததில்லை. எல்லோரும் உட்கார்ந்தார்கள். கேமராக்காரர் விளக்கைப் போட்டார். மருதாம்பாள் உள்ளே போய், இடது கையால் ஒரு தட்டைத் தாங்கிக்கொண்டு வந்தாள். தட்டில் நாலு டம்ளர். ஒவ்வொரு டம்ளருக்குள்ளும் ஒரு ஸ்பூன் டீத்தூள், ஒரு ஸ்பூன் சர்க்கரை, ஒரு ஸ்பூன் பால் பவுடர்.

"எடுத்துக்குங்க தொரை," என்றாள். "எங்கட்ட இருக்கிறதெல்லாம் போட்டிருக்கேன். இல்லாதத நீங்க கொண்டாந்து ஊத்திக் குடிச்சிக்குங்க."

இணை இயக்குநர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். இனி விளங்கிவிடும், எந்த மீட்டரும் இதைப் பச்சை என்று சொல்ல முடியாது என்று நினைத்தான் லிங்கசாமி.

"வாவ்," என்றான் ஆதித்யா.

சாயங்காலத்துக்குள் அந்தத் தட்டின் போட்டோ வறட்டு டீ என்ற ஹேஷ்டேக்கோடு தமிழ்நாடு முழுவதும் சுற்றியது. மலையின் அசல் சுவை, பிளாஸ்டிக் இல்லை, ஈரம் இல்லை, பழங்குடி மரபு என்று ஆளாளுக்கு எழுதினார்கள். லைனில் ஒருத்தர்கூடப் பழங்குடி இல்லை என்பதைச் சொல்ல, சில்வஸ்டர் பாறையில் ஏறி, அனுப்புநர் பெறுநர் போட்டு ஒன்று எழுதினார். அது முகவரியிலேயே முடிந்துவிட்டது.

பதினேழாம் நாள் கார்கள் வர ஆரம்பித்தன. கோயம்புத்தூர், ஈரோடு, பெங்களூர். ஆளுக்கொரு மினரல் வாட்டர் பாட்டிலோடு மேடேறி வந்தார்கள். மருதாம்பாளைத் தட்டோடு நிற்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். ஒரு பெண்மணி, "பாட்டி, கட்டுப்போட்ட கைய கொஞ்சம் முன்னாடி வைங்க, நல்லா இருக்கு," என்றாள். பாட்டிலில் பாதியைக் குடித்துவிட்டு மீதியோடு இறங்கிப் போனார்கள். மருதாம்பாள் ஒருத்தரிடமும் மிச்சத் தண்ணீரைக் கேட்கவில்லை. லிங்கசாமி கேட்டான். விரும்பித்தான் கேட்டான், கூசவில்லை. பாதிப் பாட்டில் எட்டு சேர்ந்தது. அதைக் கொண்டுபோய் அவள் திண்ணையில் வரிசையாக வைத்தான். அவள் எண்ணிப் பார்த்தாள்.

"இருவத்திரெண்டு ஊடு, தம்பி," என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அவன் நேராக ஆபீசுக்குப் போனான். சாவியையும் கொண்டுபோனான்.

"சார், லைனுக்கு ஒரு நாள் திறந்து உடறனுங்க. ஒரே ஒரு நாளு."

ராஜசேகர் பதறிப்போனார். "பைத்தியமா உனக்கு? இப்பத் தண்ணி உட்டா என்ன ஆகும் தெரியுமா? வறட்டு டீ ஈரமாயிரும். டூரிஸ்ட்டு எதுக்கு வருவான்? சாதா டீ எல்லா ஊர்லயும் கெடைக்குது. இந்த மலையில தண்ணியில்லாத எடம்னு ஒண்ணு நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு. அத நான் சுற்றுலாத் தலம்னு எழுதி மேல அனுப்பியாச்சு."

"அவிங்க குடிக்கறதுக்குங்க சார்."

"குடிக்கத்தானே ஜனங்க பாட்டில் கொண்டு வர்றாங்க?" என்றவர், குரலைத் தணித்துக்கொண்டார். "லிங்கசாமி, உன் ஃபைல்ல நாளன்னைக்குக் கையெழுத்துப் போடப்போறேன். லைன் வால்வு மூடியே இருக்குன்னு ஆப்புல தெரியணும். அது மட்டும் போதும்."

வெளியே வந்தான். பஜாரில் ஹோட்டல் வாசலில் ஒரு ஆள் ஹோஸ் பைப்பை வைத்து ரோட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். பனிமஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. லிங்கசாமிக்குக் கோபம் வரவில்லை. கோபத்துக்குக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவனுக்கு அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். அந்த அலுப்போடு நடந்து நடந்து லைன் படிக்கட்டுக்கு வந்துவிட்டான். பந்தல் காலில் கட்டிய வாழை இன்னும் வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. சிமெண்ட் மூடிமேல் ராஜசேகரின் ஷூத் தடம் காய்ந்து கிடந்தது.

அந்தத் தடத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான்.

இவர் இதன்மேல் ஏறி நின்றாரே. காலுக்கடியில் வால்வு இருக்கிறது என்று தெரியவில்லையே. ஆதித்யா ஒரு நாளாவது இந்தக் குழியை எட்டிப் பார்த்தானா? இணை இயக்குநர்? பஜார், காலனி? ஒருத்தரும் வந்ததில்லை. மூடியே இருக்குன்னு ஆப்புல தெரியணும், அது மட்டும் போதும் என்றுதானே சொன்னார்? ஆப்புக்கு யார் சொல்கிறார்கள்? அவன்தான் சொல்கிறான்.

பதினெட்டு நாளாக அவனேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

மூடியை நகர்த்தினான். சாவியைக் குழிக்குள் விட்டான். கால் திருகு. இரும்பு முனகியது. உள்ளே காற்று உஸ்ஸென்று மேடேறியது. குந்தி உட்கார்ந்து, ஒரு கையால் சாவியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனை எடுத்தான். பத்தாம் நம்பர் லைன், இன்றைய நிலை? என்று ஆப் கேட்டது. "மூடியுள்ளது" என்று அமுக்கினான். மிக நன்று லிங்கசாமி, தொடர்ந்து பதினெட்டு நாள் சரியாகப் பதிவிட்டிருக்கிறீர்கள் என்று அது பாராட்டியது. போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. குழாய் காய்ந்து கிடந்தது அல்லவா? அப்புறம் சாவியில், உள்ளங்கையில், மெதுவாக வந்தது. டங். டங். இடது கையால் தட்டுகிறாள் போல, மூன்றாவது தட்டு தாமதமாகத்தான் வந்தது. டங்.

முழுசாகத் திறந்தான்.

கால் மணி நேரம் கழித்து அவன் மேலே போனபோது, இருபத்திரண்டு வீட்டுக் குடங்களும் அண்டாக்களும், ஒரு வீட்டில் துணி ஊறவைக்கிற வாளிகூட, வரிசையில் நின்றன. வாரத்தில் ரெண்டு நாள், எப்போதும் போலத் திறந்துவிடுகிறேன், டூரிஸ்ட்டு வந்தால் குடங்களை உள்ளே தள்ளிவிட வேண்டும், தட்டை வெளியே வைக்க வேண்டும் என்று அவன் சொன்னதும் எல்லோரும் தலையாட்டினார்கள். மருதாம்பாள் மட்டும் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுக்கா தம்பி பதினெட்டு நாளு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அடுப்பில் டீ கொதித்தது. அவனுக்குத்தான் முதல் டம்ளர். நிஜமான, ஈரமான, சூடான டீ.

அதை அவன் வாயில் வைப்பதற்குள் கடைசி வீட்டிலிருந்து சில்வஸ்டர் வந்துவிட்டார். கண்ணாடி போட்டுக்கொண்டு, வெள்ளைத் தாளும் பேனாவுமாக. முகம் மலர்ந்திருந்தது.

"உட்காரு, உட்காரு. செயல் அலுவலருக்கு ஒரு நன்றி மனு எழுதறேன். தண்ணி வந்த சூட்டோட அனுப்பிரணும். அதுதான் முறை."

லிங்கசாமி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாங்க மாமா. உங்களக் கும்புட்டுக் கேக்கறன். நன்றி சொன்னீங்கன்னா மூடிப்போடுவாங்க."

சில்வஸ்டர் அவனையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்பது வருடத்தில் பாதியில் விட்ட மனு அவருக்கு ஒன்றுகூட இல்லை. அனுப்புநர் எழுதியாகிவிட்டது, பெறுநர் எழுதியாகிவிட்டது. "மதிப்பிற்குரிய ஐயா" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கமாவும் போட்டுவிட்டிருந்தார்.

தாளை நாலாக மடித்தார். அடுப்பில் போட்டார்.

"சர்க்கர பத்துமா, பாரு," என்றாள் மருதாம்பாள்.